ஐந்து மணிக்கு வந்த ஊர்

"ஒரு எடம் இன்னிக்கு வரல சார். இன்னொண்ணு அஞ்சு மணிக்கு வந்துடும்," என்று தரகர் ஜானகிராமன் சொன்னதோடு தொலைபேசி செத்துவிட்டது.

"எது வருதாம்?" என்றாள் லோகநாயகி.

"அதுக்குள்ள லைன் கட்," என்றார் ரவிச்சந்திரன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். செல்போன் இன்னும் தரகர்கள் கைக்கு வரவில்லை.

அணுபுரம் குடியிருப்பில் இருந்த அந்த வீட்டில் மகள் பிரதீபாவுக்கு இரண்டு வரன்கள் வந்திருந்தன. ஒன்று மதுராந்தகம், மற்றது சிங்கப்பெருமாள் கோயில். மாப்பிள்ளைகளை ஊர்ப் பெயரால்தான் சொல்வார்கள். "மதுராந்தகம் ரொம்ப சாதுவாம்." "சிங்கப்பெருமாள் கோயிலுக்கு முன்கோபமாம்."

இலக்கணத்தில் இதை ஆகுபெயர் என்பார்கள். ஊர் சிரித்தது என்றால் சிரிப்பது தெருவும் தந்திக்கம்பமும் அல்ல, மனிதர்கள். இடத்தின் பெயர் அங்கே இருப்பவருக்கு ஆகி வருகிறது. மிகவும் வசதியான ஏற்பாடு. ஒரே ஒரு குறை, ஆளின் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. பெயர் எழுதிய ஜாதகங்கள் ஜோசியரிடம் இருந்தன. போட்டோக்கள் தரகரின் பையில்.

"சிங்கப்பெருமாள் கோயிலா இருந்தா நான் வெளிய வரமாட்டேன்," என்றாள் பிரதீபா.

அவளுக்கு வங்கியில் வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அதை விட்டுவிட வேண்டும் என்று சிங்கப்பெருமாள் கோயில் சொல்லியனுப்பியிருந்தது. தரகர் முகத்துக்காகத்தான் ரவிச்சந்திரன் மறுக்காமல் இருந்தார்.

"பேச்சுக் குடுத்துக் கண்டுபிடிச்சிடறேன். மதுராந்தகம்னா கேசரி கொண்டு வான்னு சொல்வேன். இல்லேன்னா காபி மட்டும். கேசரி பத்தும்ல?"

"தலைக்கு ஒரு கிண்ணம் இருக்கு."

தலை மட்டும் சாப்பிடப் போவதில்லை. அதுவும் ஆகுபெயர்தான்.

ஐந்து மணிக்குக் காரிலிருந்து மூன்று தலைகள் இறங்கின. வாயே திறக்காத மாப்பிள்ளை, அவருடைய அம்மா சம்பூர்ணம், தாய்மாமன் வரதன்.

எந்த ஊர் என்று நேராகக் கேட்பது அழகில்லை. ரவிச்சந்திரன் சுற்றி வந்தார். "நல்ல மழையாச்சே. ஏரி எப்படி?"

"ரொம்பிக்கினு கீது சார்," என்றார் வரதன்.

"எந்த ஏரி?"

"எல்லா ஏரியுந்தான்."

செங்கல்பட்டுப் பக்கம் ஏரி இல்லாத ஊர் ஏது. ரவிச்சந்திரன் கோயிலுக்குத் தாவினார்.

"ஊருக்குள்ளயே பெருமாள் இருக்காருங்களே," என்றாள் சம்பூர்ணம்.

இரண்டு ஊரிலும் இருந்தார்.

வரதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பாப்பாவுக்கு நாள் பூரா நின்னுகினே இருந்தா காலு வலிக்காதா?"

வங்கியில் எதற்கு நிற்க வேண்டும்? நாள் முழுக்க நிற்கிற இடம் அடுப்படிதான். ரவிச்சந்திரனுக்கு விளங்கிவிட்டது. "லோகா, காபி மட்டும்."

காபியை உறிஞ்சியபடி சம்பூர்ணம் சொன்னாள். "கட்டிக்கிட்டு வந்தாலும் வேலைக்குப் போகட்டுங்க. எங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல."

"லோகா, கேசரி."

லோகநாயகி தட்டோடு கதவைத் தாண்டியபோது வரதன் கேட்டார், "மே மாசம் பூரா வூட்லதானே கெடக்கும்?"

மறுபடியும் வீட்டிலா? "லோகா, கேசரி ஆறிடுச்சு போலருக்கு. உள்ள எடுத்துட்டுப் போ."

"இப்பதாங்க எறக்கினேன்."

"அப்ப ஆறட்டும்."

வந்தவர்கள் மூவரும், உள்ளே திரும்பிப் போகும் கேசரியைப் பார்த்தார்கள். கதவிடுக்கில் பிரதீபாவின் ஒரு கண் அப்பாவையே பார்த்தது. அழகு பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது.

"மன்னிச்சிக்குங்க. நீங்க எந்த ஊருன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

பிறகு மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"மதுராந்தகம் சார்."

அம்மாவின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டு பிரதீபாவே வெளியே வந்தாள். ஆளுக்கொரு கிண்ணம் வைத்தாள்.

ஒருவரும் தொடவில்லை. மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியைப் பார்த்தாள். கையில் ஸ்பூனோடு வரதன் நெளிந்தார்.

"தப்பா எடுத்துக்காத அண்ணாத்த. இந்த அணுபுரத்துலயே எங்களுக்கும் ரெண்டு எடம், பேரு எவனுக்கும் ஞாபகம் இல்ல. இது பேங்க்கா, டீச்சரா? பேங்க்னா மட்டுந்தான் ஸ்வீட்ல கை வெக்கணும்னு மாப்ள ஆர்டரு."