லங்கா இங்க்

ஹபீல் முதலாளி கடை திறக்க வந்தபோது கதவுப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சிங்களத்தில், கையால் எழுதியது. முத்து முத்தான எழுத்து.

'இன்று முதல் இந்தியச் சாமான் விற்கக் கூடாது. மீறினால் கடை மிஞ்சாது.'

இரவெல்லாம் அடித்த மழையில் ஓர் எழுத்துக்கூடக் கரையவில்லை.

அது எண்பத்தெட்டாம் ஆண்டு. இந்தியப் படை நாட்டுக்குள் வந்த கோபத்தில் சிங்களக் கிளர்ச்சிக்காரர்கள் இரவிரவாக ஒட்டும் இந்த மாதிரி நோட்டீசுக்குப் பிலிமத்தலாவை ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. பம்பாய் வெங்காயம் விற்றவர்கள் மூட்டையை ஒளித்தார்கள். மைசூர்ப் பருப்பு விற்றவர்கள் பருப்பின் பெயரையே மாற்றினார்கள். ஹபீல் மட்டும் நெஞ்சை நிமிர்த்தினார். அவருடையது கொப்பி, பேனை விற்கிற கடை.

"நமக்கென்ன பயம்? நம்ம கடையில இந்தியச் சாமான் ஒண்டும் இல்ல."

மனைவி றலியா றாக்கையைக் காட்டினாள். "அப்ப அது என்ன?"

அங்கே பன்னிரண்டு போத்தல். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில், இங்கிலீஷில், 'இந்தியன் இங்க்'.

"அடியே, அது பேருதான் அப்படி! படம் கீறுற மை. செஞ்சது இங்கிலாந்துல!"

"நெருப்பு வைக்க வாறவன் அடியில ஈக்கிற சின்ன எழுத்தையெல்லாம் வாசிச்சிட்டா வைப்பான்?"

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பக்கத்துக் கடை எரிந்ததைக் கண்ணால் கண்டவர் ஹபீல். இந்தக் கடை போனால் மனிதருக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

பேசனில் சுடுதண்ணீர் ஊற்றி, போத்தல்களை ஊறப்போட்டு, லேபலை உரித்தார். இது மட்டும் மொட்டையாக நின்றால் சந்தேகம் வருமே! பேனைக்கு ஊற்றும் கறுப்பு மைப் போத்தல் பன்னிரண்டையும் தூக்கி அதே பேசனில் போட்டார். இருபத்துநான்கும் அச்சு ஒன்றாக மொட்டையடித்துக்கொண்டு வெளியே வந்தன. எல்லாவற்றிலும் 'லங்கா இங்க்' என்று சிங்களத்தில் எழுதி ஒட்டினார். கடையில் தேசபக்தி பொங்கி வழிந்தது.

"இதுல எது படத்துக்கு, எது பேனைக்கு?" என்று கேட்டாள் றலியா.

ஹபீல் இரண்டு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கறுப்பு.

அந்த நேரம் பார்த்து, பெயர்ப்பலகை எழுதும் தர்மதாச குடையோடு வந்து, வழக்கமாக வாங்கும் கறுப்பு மை கேட்டார். ஹபீல் குத்துமதிப்பாக ஒரு போத்தலை நீட்டினார். தர்மதாச லேபலைப் பார்த்தார், ஹபீலைப் பார்த்தார், காசை வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த சித்திர வாத்தியார் மகேந்திரராசா பேனைக்கு ஒன்றும் படத்துக்கு ஒன்றும் கேட்டார். அவருக்கு இரண்டு லங்கா இங்க்.

அன்றிரவும் நல்ல மழை. விடிந்ததும் மகேந்திரராசா மாஸ்டர் வந்து நின்றார்.

"என்ன கூத்து முதலாளி இது? பேனைக்கு விட்டது கல்லா இறுகிப்போச்சு! படத்துக்கு எடுத்தது, மேல கலர் பூசினவுடன கரைஞ்சு போச்சு! ரெண்டு கிழமையாப் பென்சிலால கீறி வச்ச பேராதனைப் பாலம், மை போட்ட அண்டைக்கே மகாவலி ஆத்தோட போயிட்டுது!"

"கொஞ்சம் மாறிப்போச்சு, மாஸ்டர்."

"ஓம், நல்ல வடிவாத்தான் மாறியிருக்கு! ஒவ்வொண்டையும் தொட்டுக் கோடு போட்டுக் காயவிட்டுத் தண்ணி ஊத்திப் பாருங்கோ. கரையாமல் நிக்கிறதுதான் இந்தியன்..."

ஹபீல் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். "பேரைச் சொல்லாதீங்க!"

மாஸ்டர் போனதும் சோதனை தொடங்கியது. விற்கிற கடுதாசியை வீணாக்க மனம் வராமல், மிஞ்சிய இருபத்தொரு போத்தலுக்கும் தன் இடது கையிலேயே இருபத்தொரு கோடு போட்டார். கை வரிக்குதிரையாயிற்று. காய்கிற நேரத்தில் பள்ளியில் பாங்கு சொன்னார்கள். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் பின்பக்கம் ஓடினார். பத்துக் கோடு தண்ணீரோடு போயிற்று. பதினொன்று அசையவில்லை.

"பிடிச்சிட்டேன்!" என்று குதித்தார்.

"முழங்கையில இருந்தா கோடு போட்டீங்க, மணிக்கட்டில இருந்தா?"

ஹபீல் கையைப் பார்த்தார். கைக்கும் ஞாபகமில்லை.

"அது கெடக்கட்டும்," என்றாள் றலியா. "தோலில பூச்சு நிண்டா தண்ணி எப்படிப் படும்? ஒளு கூடுமா?"

யா அல்லாஹ்! சவர்க்காரம், தும்பு, சாம்பல் என்று எல்லாம் போட்டுத் தேய்த்தார். தோல் பாதி போயிற்று. கோடுகளும் போயின. எந்தப் போத்தலில் எந்த மை என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

சிவந்த கையோடு கடைக்குள் வந்தால், தர்மதாச நிற்கிறார். முகம் கடுகடுவென்றிருக்கிறது. லங்கா இங்க் போத்தலை மேசையில் டொக்கென்று வைத்தார். ஹபீலுக்கு உயிரே இல்லை. ஏதோ மோப்பம் பிடித்துத்தான் வந்திருக்கிறான் மனுசன்!

"நான் இந்தியச் சாமான் விக்கிறதே இல்ல, மாத்தயா! சத்தியமா இல்ல!"

தர்மதாச தெருவை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் காதோடு சொன்னார்:

"அப்படிச் சொல்லாதீங்க முதலாளி. உங்க லங்கா இங்க் ஒரு மழைக்கே கரைஞ்சு, ராத்திரி ஒட்டின நோட்டீஸ் அறுபதும் நாசமாப் போச்சு. அந்தப் பழைய இந்தியன் இங்க்லயே ரெண்டு போத்தல் தாங்க!"