முடிச்சக்காவின் இரண்டு படிவங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துப் பெற்றோரை நடுங்க வைத்தவர் முடிச்சக்கா ஒருவர்தான். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். வாரநாட்களில் பூக்கடையில் மல்லிகை தொடுப்பார். சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளித் திடலில் சாரணர் படையை நடத்துவார். இரண்டு இடத்திலும் வேலை முடிச்சுதான். அவர் கட்டிய பூப்பொட்டலத்தை அவிழ்க்க முடியாமல், பத்துமலை முருகனுக்கு ஒருவர் பொட்டலத்தோடு சாத்தச் சொன்னதாகப் பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

என் மகன் கவின் பத்து வயதில் சாரணராகியே தீருவேன் என்று நின்றான். கடைக்கே கூட்டிப்போய்க் கேட்டேன்.

"பையன சேர்த்துக்கலாம்லா. உங்கள சேர்க்க முடியுமான்னுதான் பார்க்கணும்," என்றார்.

உடனே பாதி தொடுத்த சரத்தை என் இரு கைகளிலும் வைத்தார். "பிடிங்கக்கா. விட்டீங்கன்னா அத்தனையும் சிக்கிக்கும்." பிறகு கவினிடம், "தம்பி, சப்பாத்துக் கயிறு அவுந்திருக்கு. கட்டு," என்றார்.

அதுவரை அவன் காலில் சப்பாத்தை மாட்டிக் கயிறு கட்டிவிட்டவள் நான். முதல் தடவை இரண்டு சப்பாத்தையும் சேர்த்துக் கட்டினான். இரண்டாம் தடவை விரலையும் சேர்த்துக் கட்டினான். எனக்குக் கை பரபரத்தது. ஆனால் கை நிறைய மல்லிகை. மூன்றாம் தடவை கோணலாக ஒரு முடிச்சு விழுந்தது.

"நீங்க பாஸ்," என்று என் கையிலிருந்து சரத்தை வாங்கிக்கொண்டார்.

அடுத்து இரண்டு படிவங்கள் வந்தன. "பெத்தவங்களுக்கு ஒன்னு, பிள்ளைக்கு ஒன்னு. ஒருத்தர் எழுதுறத மத்தவர் பார்க்கக்கூடாது."

உடல்நலக் குறைவு ஏதேனும் உண்டா என்ற இடத்தில் என் பேனா நின்றது. கவினுக்கு மூச்சிரைப்பு உண்டு. முந்தைய வருடம் ஒரு பள்ளிச் சுற்றுலாவுக்கு உண்மையைச் சொன்னேன். எதற்கு வம்பு என்று அவனை விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று நாள் பிள்ளை யாரோடும் பேசவில்லை. அதனால் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் முகாம் கேரி தீவில். பையைப் பிள்ளையேதான் அடுக்க வேண்டும், அம்மா எட்டிப் பார்க்கக்கூடாது என்பது முடிச்சக்காவின் சட்டம். சனிக்கிழமை காலை பேருந்து போனது. மதியம் பார்த்தால், அவன் மூச்சுக்கு இழுக்கும் நீல மருந்து வீட்டில் ஐஸ்பெட்டியின் மேல் இருக்கிறது! முடிச்சக்காவை அழைத்தால் லைன் கிடைக்கவில்லை.

மருந்தை எடுத்துக்கொண்டு என் கணவரோடு காரில் ஏறினேன். கிள்ளானைத் தாண்டியதும் அவர், "ஃபாரத்துல எழுதினியா?" என்றார். நான் சாலையோரத் தோட்டத்துச் செம்பனை மரங்களை எண்ணத் தொடங்கினேன்.

முகாமில் ஒரு மரத்தடியில் முடிச்சக்கா கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"வாங்கக்கா. வருசா வருசம் ஒரு அம்மா வருவாங்க. அதான் நாற்காலி போட்டு வச்சேன்."

"அக்கா, நான் பொய் எழுதிட்டேன்," என்று அழுதேவிட்டேன்.

அவர் முதலுதவிப் பையைத் திறந்தார். கவினின் பள்ளிப்பையில் எப்போதும் இருக்கும், பதற்றத்தில் நான் மறந்தே போன இன்னொரு நீல மருந்து அதில் இருந்தது. கூடவே அவன் படிவம். கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்: "எனக்கு மூச்சு வாங்கும். நீல மருந்து அடிச்சா சரியாயிடும். அம்மா எழுத மறந்திருப்பாங்க. அவங்கள ஏசாதீங்க."

"நான் ஏசலையே," என்றார் முடிச்சக்கா. "இந்தாங்க, புது ஃபாரம். ஒழுங்கா எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கவின் ஓடி வந்தான், சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தபடி. என்னைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது. "அம்மா, கூட்டாளிங்க பார்க்கிறாங்க. வீட்டுக்குப் போங்களேன்!"

நான் குனியப் போனேன். முடிச்சக்கா தான் கட்டிக்கொண்டிருந்த கயிற்றின் ஒரு நுனியை என் கைகளில் வைத்தார்.

"பிடிங்கக்கா."

இப்போது யாராவது பிள்ளையைச் சாரணரில் சேர்க்கும் முன் என்னிடம் கேட்டால், நோயை மறைக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். மற்றதை முடிச்சக்கா பார்த்துக்கொள்வார். அந்த மனுஷி மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். ஒவ்வொரு முகாமுக்கும் பேருந்தில் ஏறும்முன் என் கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்துவிட்டுப் போகிறார். பேருந்து கண்ணுக்கு மறையும்வரை அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.