எருக்குழிக்கு வந்த நற்சான்று

தருமபுரி,
6-4-1987.

ஓசூரில் இருக்கும் என் தம்பி கஸ்பாருக்கு,

அக்காள் ஆரோக்கியம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் ராஜமேரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம்தான். தவக்காலம் முடியும்வரை கோபப்பட மாட்டேன் என்று சாமியாரிடம் சொல்லியிருந்தேன். சாமியாருக்கென்ன, அவர் வீட்டுக்குப் பின்னால் டேனரி இல்லை.

நம் கொல்லைச் சுவரை ஒட்டி மூடிக் கிடக்கிற, கடனுக்காக சர்க்கார் எடுத்துக்கொண்ட அதே தோல் டேனரிதான். அதன் கழிவுநீர் தேங்கின குட்டையில் வாய் வைத்து நம் எருமைக்கன்று இரண்டு செத்தது உனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஏரிக்கரைக் குடிசைக்காரர்களுக்கு வீடு கட்டப்போகிறார்களாம். கட்டுவதற்கு முன்னால் மண்ணில் விஷம் இருக்கிறதா என்று சோதிக்க சர்க்கார் தனியாக நிதி கொடுத்திருக்கிறது என்றதும், பரவாயில்லையே, புத்தி வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். பொங்கல் கழிந்து சூப்பர்வைசர் குப்புராஜ் ஜீப்பில் ஆட்களோடு வந்தார். கேட்டில் பூட்டு. சாவி பழைய முதலாளியின் மைத்துனரிடம், மைத்துனர் வாணியம்பாடியில். "பூட்ட ஒடைக்க ஆர்டர் இல்லீங்கம்மா. செவுத்துக்கு இந்தாண்ட மண்ணும் அந்தாண்ட மண்ணும் ஒண்ணுதானுங்களே?" என்றார். "ஒண்ணு இல்லீங்க, இந்தாண்ட இருக்கறது என் எருக்குழிங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! எருக்குழியைத் தோண்டி, பையில் கட்டி, 'டேனரி வளாகம்' என்று சீட்டு ஒட்டி, என் கையாலேயே மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த மோரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மாசியில் ரிசல்ட் வந்தது. விஷம் துளியும் இல்லையாம், சத்துள்ள மண்ணாம், மக்கள் குடியிருக்கலாமாம், தோட்டமும் போடலாமாம். எருக்குழியில் சத்து இல்லாமல் வேறு என்ன இருக்கும்? ஏரிக்கரையிலிருந்து எனக்குப் பால் கறந்து கொடுக்க வருகிற தீர்த்தம்மாள், இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடி வந்து, "எக்கா, எங்களுக்கு அங்கியே வூடாம்! கெணறுகூட இருக்குதாம்!" என்று சிரிக்கிறாள்.

நேரே குப்புராஜின் ஆபீசுக்குப் போனேன். "ஏனுங்க சார், நீங்க சோதிச்சது என் எருக்குழிங்க" என்றேன். ஆபீசர் கோவிந்தன் தலையைத் தூக்காமலேயே, "அப்படி எழுதினா நிதி திரும்பிப் போயிடும்மா. மார்ச்சுக்குள்ள செலவு காட்டணும்" என்றார். "அந்தப் புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆனா அத எந்தச் செலவுல காட்டுவீங்க?" என்றேன். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். நானா மனு எழுதுகிறவள்? டேனரிச் சுவர் இடிந்திருக்கிற பக்கமாக, அதாவது ஆடு மாடெல்லாம் போய்வருகிற, சர்க்காருக்கு மட்டும் தெரியாத வழியாக உள்ளே போய், ஒரு கூடை மண் அள்ளி வந்து அவர் மேசைமேல் கொட்டினேன். அழுகின தோலும் மருந்தும் சேர்ந்த அந்த நாற்றத்தில் டைப்பிஸ்ட் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டாள். கோவிந்தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, "அனுமதி இல்லாம சாம்பிள் எடுக்கக் கூடாதும்மா!" என்று கத்துகிறார், சாலையில் போகிறவர்களைப் பார்த்து.

நிதியில் இன்னொரு சோதனைக்கு மிச்சம் இருந்ததாம். குப்புராஜ் மேசையிலிருந்து மண்ணை வழித்துப் பையில் கட்டி அனுப்பினார். நியாயம் பிறந்துவிட்டது என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். மண் எடுத்த இடம் என்று கேட்டிருந்த கட்டத்தில் அந்தப் புண்ணியவான் 'அலுவலக அறை' என்று எழுதியிருக்கிறார்! கேட்டால், "எங்க எடுத்தமோ அதத்தானுங்கம்மா எழுத முடியும்" என்கிறார். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. ஆபீஸ் இருக்கிற இடத்தில் கொடிய விஷம், மனிதர் புழங்கக் கூடாது என்று. இப்போது ஆபீஸ் முழுக்கப் புளியமரத்தடியில், ஃபைல்களின்மேல் கல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டேனரி மட்டும் காகிதத்தில் சுத்தமோ சுத்தம். தீர்த்தம்மாள் புது வீட்டுக்கு வாழைக்கன்று கேட்டு வைத்திருக்கிறாள்.

ஆகையால் கடிதம் கண்டவுடன் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வா. உன் யூனியன்காரர்கள் பத்துப் பேரையும் கூட்டி வா. மரத்தடியையும் விடக்கூடாது, மறியல் பண்ண வேண்டும். ராஜமேரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், ஆபீசுக்காரர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள்,
ஆரோக்கியம்மாள்.

பி.கு.: நீ வர வேண்டாம். கவரை ஒட்டப் போனபோது கோவிந்தன் சார் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். விஷமில்லாத சர்க்கார் இடமாகப் பார்த்து ஆபீசை உடனே மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். விஷமில்லை என்று ரிப்போர்ட் இருக்கிற இடம் இந்த ஊரிலேயே டேனரி ஒன்றுதான். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அவர் நாற்காலி அங்கேதான். "அம்மா, மறுபடியும் சோதிச்சே ஆகணுங்க, கடப்பாரை இருந்தா குடுங்க" என்றார். கொடுத்தேன். இதை எழுதும்போதே டேனரிக் கேட்டின் பூட்டு உடைபடும் சத்தம் கேட்கிறது. ஆர்டர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.