மூன்று மைலுக்குத் தெரிகிற விளக்கு

உயிரே போனாலும் மோட்டார் சைக்கிளை விற்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவைச் சத்தமாகச் சொல்லவில்லை. என் மனைவி நடீன் அடுத்த அறையில்தான் இருந்தாள்.

விஷயம் சிரிப்பதற்கில்லை. என் சிநேகிதன் வெண்டெல் நேர்ரோட்டில், தன் பாட்டுக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தான். எதிரே வந்த கார் சடாரென்று திரும்பி அவன் குறுக்கே வந்துவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. கார்க்காரர் நல்ல மனிதர். அழுதுகொண்டே, "சத்தியமா நான் பாக்கவே இல்லைங்க" என்றார். எங்கள் நெப்ராஸ்காவில் கண்ணை மறைக்க ஒரு மேடு கிடையாது. சோளமும் அறுத்தாகிவிட்டது. பட்டப்பகல் வேறு. அப்படியும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதுமே நடீன் ஆரம்பித்தாள்.

"வித்துடு, ஆர்வில்."

"எதை?"

"உன் சாமர்த்தியத்தையா விக்கச் சொல்றேன்? அதை எவன் வாங்குவான்? வண்டியைத்தான்."

"அது என் உயிர், நடீன்."

"அதான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணாப் போயிடும்." அவள் குரல் உடைந்தது. "ரோட்டுல நீ வர்றதே யார் கண்ணுக்கும் தெரியலன்னா, நான் என்ன செய்வேன்?"

கல்யாணமான நாள் முதல் என்னைத் திட்டியே ஆளாக்கியவள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

"தெரியற மாதிரி செஞ்சுட்டா?"

மூக்கைச் சிந்தினாள். "மொதல்ல செய். அப்புறம் பேசு."

நான் டெலிபோன் கம்பி ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவன். கேரேஜில் உட்கார்ந்தேன். ஹெட்லைட்டைப் பளிச், மங்கல், பளிச் என்று துடிக்க வைக்க ஒரு சின்ன சர்க்யூட். பகலில் மட்டும்தான் துடிக்க வேண்டும். இருட்டில் துடித்தால் எதிரே வருகிறவன் கண் கூசிப் பள்ளத்தில் போய் விழுவான். அதற்காக வெளிச்சத்தை உணர்கிற ஒரு சென்சாரும் வைத்தேன்.

முதல் தடவை பல்ப் போயிற்று. அடுத்த தடவை என் புருவம் போயிற்று. அதற்கும் அடுத்த தடவை சென்சாரை மாற்றி இணைத்துவிட்டேன். பகலெல்லாம் சும்மா கிடந்துவிட்டு இருட்டினதும் துடியாய்த் துடித்தது.

"ராத்திரி ஆனா ஃப்ரிட்ஜைத் தேடிக்கிட்டுப் போற உன்னை மாதிரியே இருக்கு" என்றாள் நடீன்.

எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் இனிப்பைத் தொடக்கூடாது என்றதும், "நீ தொடாத வரைக்கும் நானும் தொடமாட்டேன்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவள் அவள். அதனால் தலையைக் குனிந்துகொண்டு சர்க்யூட்டைச் சரி செய்தேன்.

சோதனை நாள் வந்தது. நடீன் தன் பிக்கப் டிரக்கை எடுத்துக்கொண்டு மூன்று மைல் தள்ளிப் போய் நின்று போன் செய்தாள்.

"தெரியுது, ஆர்வில்! அடேயப்பா, எவ்வளவு தூரத்துலேருந்து தெரியுது!"

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லாம் என் மேல் உள்ள பிரியம் என்று நினைத்து உருகிப்போனேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "விளக்கு துடிக்காம வண்டி நகரக்கூடாது. நகர்ந்தா சாவி என் கைக்கு வந்துடணும்."

"சத்தியம்" என்றேன்.

விளக்கு என்னவோ பிரமாதமாக வேலை செய்தது. கார்கள் ஒதுங்கின. டிராக்டர்கள் நின்றன. ஒரே ஒரு இடத்தில்தான் உதைத்தது. வியாழக்கிழமைகளில் நடீன் சர்ச்சுக்குப் போர்வை தைக்கப் போய்விடுவாள். நான் டோட்டியின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவேன். அங்கே சில்லி என்கிற காரமான கறிக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள சினமன் ரோல், அதாவது பட்டை போட்டுச் சுருட்டிய இனிப்பு ரொட்டி, கொடுப்பார்கள். எங்கள் ஊரில் ரோல் இல்லாத சில்லியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. ஆனால் விளக்கு மாட்டிய பிறகு எப்போது போனாலும், "ரோல் தீந்துபோச்சே, ஆர்வில்" என்பாள் டோட்டி. கடை முழுக்கப் பட்டை வாசனை தூக்கும். தட்டுதான் காலி.

யோசித்தேன், பிடிபட்டது. என் விளக்கைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒளித்து வைக்கிறார்கள். நடீன் சொல்லி வைத்திருக்கிறாள்!

கேரேஜில் உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் ஒரு ரகசிய ஸ்விட்ச் வைத்தேன். அடுத்த வியாழன், கடைக்கு ரொம்ப தூரம் முன்னாலேயே ஹெட்லைட்டை அடியோடு அணைத்தேன். பூனை மாதிரி வந்து கதவைத் திறந்தேன்.

ஜன்னலோர மேஜையில் நடீன். கையில் ஃபோர்க். முன்னால் என் உள்ளங்கை அகலத்துக்கு சினமன் ரோல். உதட்டில் சர்க்கரைப் பாகு.

"போர்வை தைச்சாச்சா?" என்றேன். அவள் முன்னால் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதே இல்லை.

டோட்டிக்கு வாய் குழறியது. "விளக்கு தெரிஞ்சா ரோல் தீந்துபோச்சுன்னு சொல்லச் சொல்லிட்டு, தட்டோட அடுக்களைக்குள்ள வந்துடுவா, பிக்கப்பும் பின்னாலதான் நிக்கும்... இன்னிக்கு விளக்கே தெரியலையே!"

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினியே, நடீன்!"

அவள் ஃபோர்க்கைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்திருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"தப்புதான். ஆனா ஆர்வில், நான் ரோட்டையே பாத்துக்கிட்டுத்தான் தின்னேன். கண்ணை எடுக்கல."

"அதுக்கு என்ன?"

"நீ வந்துடுவியோ, வந்துடுவியோன்னு உக்காந்திருந்த எனக்கே நீ வந்தது தெரியல. வேற எவனுக்குத் தெரியும்?"

வெண்டெலின் கால் ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும், கண் கலங்கியிருந்தது.

"அணைச்சுட்டுதானே வந்தே?"

தலையை ஆட்டினேன். கையை நீட்டினாள். சாவியை வைத்தேன்.

வண்டியைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு அவளுடைய பிக்கப்பில் ஏறினேன். டோட்டி ஓடி வந்து ஜன்னல் வழியாக ஒரு பெட்டியை என் மடியில் வைத்தாள். சூடாக இருந்தது. பட்டை மணத்தது.

"சாயாமப் பிடிச்சுக்க, பாகு வழிஞ்சிடும்" என்றாள் நடீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீட்டுக்குப் போய் நான் மிச்சத்தைச் சாப்பிடணும்."