சம்பந்தியின் மீசையும் எகிப்து கேமராவும்

மாதா துணை

மந்தைவெளி

அன்பு மகள் டீனாவுக்கு அப்பா பவுல்சாமி ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அம்மா ஆனியும் நலம்; உனக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால் மின்னஞ்சல்.

உன் தம்பி ஸ்டீவின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. காரணம், விடுமுறைக்கு வந்தபோது நீ மறந்து வைத்துவிட்டுப் போன, நீ வேலை பார்க்கும் மியூசியத்தின் கேமரா. எகிப்து சவப்பெட்டியில் கண்ணுக்கே தெரியாமல் அழிந்துபோன நீலப் பூச்சுகூட, சிவப்பு வெளிச்சம் காட்டி அகச்சிவப்பில் படமெடுத்தால் வெள்ளையாக ஒளிரும் என்று காட்டினாயே, அதேதான். இவ்வளவு விலையுள்ள பொருள் சும்மா கிடக்கிறதே என்று நிச்சயதார்த்தத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன், பெண் வீட்டு வாசலில் எல்லாரையும் வெயிலில் நிறுத்தி நானே எடுத்தேன், பிரியாணி முடிந்ததும் அவர்கள் டிவியிலேயே போட்டுக் காட்டினேன். வேப்பமரம் வெள்ளையடித்ததுபோல் இருந்தது, ஸ்டீவின் கறுப்புக் கோட்டு வெளுத்திருந்தது, அதற்கெல்லாம் சிரித்தவர்கள் மணப்பெண் ஷில்பாவின் அப்பா எரிக் திரையில் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். நேரில் கன்னங்கரேலென்று இருந்த தலையும் மீசையும் படத்தில் பஞ்சு.

"இன்னாங்க இது, நெல்லிக்கா தைலம்தான் தடவுறேன்னு சொன்னீங்க?" என்றார் அவர் மனைவி.

"கேமரா ரிப்பேரு" என்றார் எரிக்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. "இல்ல சம்பந்தி, எகிப்து பொணப்பெட்டியவே சரியா காட்டுற கேமரா. சாயத்துக்கு அடியில இருக்கிறத அப்படியே காட்டிடும்" என்று விளக்கினேன். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயில் பூசையில் ஓலை வாசிக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து போய்ப் பங்குத் தந்தையிடம் எழுதிக் கொடுக்க வேண்டுமே. வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். ஸ்டீவ் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லையம்மா. இந்த வயதில் மனுஷனுக்கு எதற்கு இந்த வேஷம், அது போகட்டும். கேமராவில் கோளாறு, முடி விஷயத்தில் அதை நம்பக்கூடாது என்று மியூசியம் தாளில் ஒரு வரி எழுதி எரிக்குக்கு அனுப்பு. பொய்தான்; பாவசங்கீர்த்தனத்தில் அதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
பவுல்சாமி

பி.கு.: அனுப்புவதற்குள் எரிக்கே வந்துவிட்டார். "கேமராவைக் குடுங்க சம்பந்தி, நீங்கதான் ஒரு படத்துலயும் இல்லையே" என்று என்னை வாசலில் நிறுத்தி எடுத்தார். படத்தில் என் மீசையைப் பார்த்துச் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. கையோடு என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். வரும் ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள். அதனால் எரிக்குக்கு எழுத வேண்டாம். அந்த வரியை உன் அம்மாவுக்கு அனுப்பு, உடனே. கேமரா இப்போது அவள் கையில் இருக்கிறது.