கணவன் புலம்பல், பக்கம் ஏழு

மூன்று சாமானை முன்னால் வைத்து ஒன்றை எடு என்றால், மனிசர் நல்லதை எடுப்பதில்லை, மினுங்குகிறதைத்தான் எடுப்பார்கள். சேலைக் கடையில் என்றால் இது ஒரு சின்ன நட்டத்தோடு போய்விடும். நான் மினுங்கியதை எடுத்தது என் கலியாணப் பேச்சில்.

போர் நின்றிருந்த சமாதான காலம். தண்ணீரூற்று என்ற ஊரில், ஜெனரேற்றரில் ஓடுகிற ஒரு கணினி நிலையத்தில் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். (இரண்டு கணினிகள். ஒன்று ஓடும், மற்றது அதற்கு உதிரிப்பாகம் கொடுக்கும்.) நிலையத்தை நடத்தியவர் மாஸ்டர். அவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. செத்தவர்களின் நினைவாக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு, கணவன் புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று பாட்டுக் கட்டுவது அவர்தான். ஊரில் யார் கண்ணை மூடினாலும் மாஸ்டர் பேனையைத் திறப்பார்.

அப்போதுதான் விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு ஒரு சுவிஸ் மாப்பிள்ளையின் படம் வந்தது. பார்த்தேன், அவ்வளவுதான், ஆள் சரி. இந்த மனிசனைத்தான் கட்டுவேன் என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டேன்.

என் விபரம், சாதகம், படம் மூன்றையும் கணினியில் அனுப்பச் சொன்னார்கள். அப்படியே அனுப்பினால் எங்கள் தமிழ் எழுத்து அங்கே புழுவும் பூச்சியுமாகத்தான் தெரியும். எழுத்துருவையும் உள்ளே வைத்துக் கட்டி மின்னூலாக்கினால் தப்பலாம். அதற்கென்று மாஸ்டரிடம் கொழும்பிலிருந்து வந்த ஒரு சீடியில் மூன்று மென்பொருள்கள் இருந்தன.

முதலாவது வெறும் பக்கங்களைத் தரும். இரண்டாவது எழுத்துகளின் கொம்பையும் காலையும் தின்றுவிடும். மூன்றாவது, ஐயோ, அதை என்னவென்று சொல்ல! அட்டையில் படம் போடலாம். பக்கம் புரளும்போது 'சரக்' என்று சத்தம் வரும். ஒரு கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் தானே ஒன்றாக்கிப் புத்தகமாகக் கட்டித் தரும்.

"பிள்ளை, முதலாவதை எடும். அது சொன்னதை மட்டும் செய்யும்" என்றார் மாஸ்டர்.

"அதில சத்தம் வராது மாஸ்டர்."

"கலியாணப் பேச்சுக்குச் சத்தம் என்னத்துக்கு?"

நான் கேட்டால்தானே. ஸ்ரூடியோவில் பிளாஸ்ரிக் ரோசாவோடு எடுத்த படத்தை அட்டையில் போட்டு, கோப்புறை முழுவதையும் கட்டச் சொன்னேன். அந்தக் கிழமை நிலையத்துக்கு வந்த ஒரே வேலையும் அதே கோப்புறையில்தான் கிடந்தது. அண்மையில் காலமான பரிமளம் அன்ரியின் கல்வெட்டு, அன்று காலை என் கையாலேயே அடித்து முடித்தது. புத்தி சூரிச்சில் நின்றதால் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. மென்பொருளோ கோப்புகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியது. அந்தியேட்டி முன்னால், கலியாணம் பின்னால்.

அட்டையின் ஓரத்தைச் சற்றே புரட்டினேன். 'சரக்' என்றது. எனக்கு அதுவே போதும். டீசல் முடியப் போகிறது என்று மாஸ்டரும் அவசரப்படுத்தினார். அடுத்த நாள் அப்பா புத்தகத்தைப் பதிந்த சீடியை வவுனியாவுக்குக் கொண்டுபோய் ஒரு இன்ரநெற் கடையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

சில நாளில், சுவிஸிலிருந்து பேசுவார்கள், கொமினிக்கேசன் கடைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா ரிசீவரைப் பிடிக்க, நான் பக்கத்தில் நின்று காது கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாயார்தான் பேசினார்.

"அண்ணை, என்னெண்டு கேக்கிறதெண்டே தெரியேல்லை. பிள்ளைக்கு எப்ப நடந்தது?"

"என்ன நடந்தது? பிள்ளை இஞ்ச பக்கத்திலதான் நிக்கிறாள்."

"அப்ப மூண்டு பிள்ளையளும் புலம்பியிருக்கினமே?"

அப்பா ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னடி, உனக்கு மூண்டு பிள்ளையளாம்."

அந்தப் புத்தகம் அப்படியே கண்ணுக்குள் ஓடியது. அட்டையில் ரோசாவோடு சிரிக்கிற நான். 'சரக்', கண்ணீர் அஞ்சலி. 'சரக்', கணவன் புலம்பல்: "அடுப்பும் கலங்குதடி, அம்மியும் விம்முதடி." 'சரக்', பிள்ளைகள் புலம்பல். 'சரக்', செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு நன்றி. எல்லாம் முடிந்தபிறகு என் சாதகம்: ஆயுள் கெட்டி.

இனி அந்தப் பேச்சு முடிந்தது என்று கடைச் சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினேன். கடைக்குள் நின்ற சனம் தங்கள் கதையை விட்டுவிட்டு எங்கள் கதையைக் கேட்டது. அப்பா தெரிந்த மட்டில் விளங்கப்படுத்தினார். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது.

"மாமா, காலமானவாவோட ஒருக்காக் கதைக்கலாமோ?"

அப்பா, சுட்ட கிழங்கைக் கைமாற்றுவதுபோல ரிசீவரை என்னிடம் தந்தார்.

"ஓம், நான்தான்" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஏழாம் பக்கத்தில ஒரு புருசன் புலம்பியிருக்கிறார். அது ஆர்?"

"அது பரிமளம் அன்ரியின்ர அவர். எனக்கு இன்னும் ஒருத்தரும் இல்லை."

அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு. "அப்ப அந்த இடத்தை எனக்குத் தாங்கோவன்" என்றார்.

அம்மன் கைவிடவில்லை, கலியாணம் நடந்தது. ஆனால் அந்த மனிசன் மின்னூலை அழிக்கவும் இல்லை. இன்றைக்கும் நான் கறியை அடிப்பிடிக்க விட்டால் அவர் கோபிப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்து, நெஞ்சில் கைவைத்து, "அடுப்பும் கலங்குதடி, அம்மியும் விம்முதடி" என்று ராகத்தோடு தொடங்குவார். உடனே அறைக்குள்ளிருந்து மகளின் குரல் வரும்.

"அம்மா, அப்பா ஏழாம் பக்கத்துக்கு வந்திட்டார். நான் கடைக்குப் போய்ச் சாப்பிடப் பாண் வாங்கட்டோ?"