ஃப்ரீசரில் குணமானவர்கள்

துறையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு ஃப்ரீசர் இருந்தது. மைனஸ் இருபது டிகிரி. அந்த அலுவலகத்தில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். பன்னிரண்டு வருடத்து ரத்த மாதிரிகள் அதற்குள் சின்னச் சின்ன டியூப்களில் லேபிளோடு வரிசையாக உறைந்து கிடந்தன. எதற்காக வைத்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது, தூக்கிப் போடலாம் என்று விதி இல்லை, அவ்வளவுதான்.

ஃப்ரீசருக்குப் பொறுப்பு லேப் அக்கா. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தலைமை அதிகாரியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் லேப் அக்காதான். ரத்தம் எடுப்பாள். சுற்றும் இயந்திரத்தில் போட்டுச் சிவப்பணுக்களைக் கீழே தள்ளுவாள். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரான சீரத்தைத் தனியே பிரித்துப் பரிசோதிப்பாள். மிச்சத்தை உறைய வைப்பாள். இருபத்தோரு வருட சர்வீஸில் அவள் ஊசிக்கு முகம் சுளித்தவர்கள் குறைவு.

ஒரு திங்கட்கிழமை தணிக்கைக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. நெடுங்காலமாகச் சேமிக்கப்பட்டுள்ள மேற்படி மாதிரிகள் நல்ல நிலையில் உள்ளனவா என்பதை உறுதி செய்து அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. லேப் அக்கா மஞ்சள் காமாலைக்காரர்களின் பழைய டியூப்கள் நூற்றை எடுத்து உருக்கி, கல்லீரல் கெட்டால் ஏறுகிற எஸ்ஜிபிடி என்ற நொதியை அளந்தாள். அன்றைக்கு முந்நூறு, நானூறு என்று இருந்ததெல்லாம் இப்போது முப்பது, இருபத்தைந்து. சுத்தமாக நார்மல்.

தலைமை அதிகாரி அறிக்கையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நூறு பேருக்கும் குணமாயிடுச்சா?"

"இல்ல சார். எஸ்ஜிபிடி இத்தனை நாள் மைனஸ் இருபதுல தாங்காது. செத்துப்போச்சு."

"நோய் செத்துப்போச்சு."

"நொதி சார். நோய் ஆளுகிட்ட இருக்கு, டியூப்ல இல்ல."

"ஏம்மா, அன்னிக்கு டியூப்ல பாத்துத்தானே நோய் இருக்குன்னு எழுதிக் கொடுத்தீங்க? இருக்குன்னு சொல்ல டியூப் போதும், இல்லைன்னு சொல்ல மட்டும் போதாதா?"

லேப் அக்கா பதிவேட்டைப் புரட்டினாள். பிறகு மெல்ல, "அந்த நூறு பேர்ல பதினாலு பேர் காலமாயிட்டாங்க சார்," என்றாள்.

"அவங்க அவசரப்பட்டுட்டாங்க," என்றார் தலைமை அதிகாரி.

அந்த வாரமே சுற்றறிக்கை வெளியானது. இனி நோயுற்றோரின் மாதிரிகள் மூன்று மாத காலம் குளிர் சிகிச்சைக்கு உட்படுத்தப்படும். அதன் பிறகும் டியூபில் நோய் நீடித்தால் மட்டுமே மருந்தும் விடுப்பும் வழங்கப்படும். ஒரே நபருக்கு இருவேறு ரத்தம் என்ற குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு, உயிருடன் உள்ள எவரிடமிருந்தும் இரண்டாம் முறை ரத்தம் எடுத்தல் ஆகாது. 'உயிருடன் உள்ள' என்பதைச் சேர்த்தது பெரிய கிளார்க். வாக்கியம் கொஞ்சம் எடையாக இருக்கட்டுமே என்று சேர்த்தார். அதற்கு வேறு காரணம் கிடையாது.

மூன்று மாதத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யமானது. மருந்துக் கிடங்கில் மாத்திரைகள் கூரையைத் தொட்டன. துறைக்குப் பாராட்டுக் கடிதம் வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது.

ஊருக்குப் பைத்தியம் பிடிக்க இதுவே போதுமாக இருந்தது. தெம்பாக இருந்தவர்களெல்லாம் முன்னெச்சரிக்கையாக ரத்தத்தை நீட்டினார்கள். தலைமை அதிகாரிக்கு மைனஸ் எண்பதில் தனி ஃப்ரீசர் இருக்கிறது, பத்து வருடத்துக்கு முந்தைய அவர் அதில் இளமையோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் மைனஸ் இருபதுக்காரர்களின் முகம் வாடியது. "எங்க வீட்டுக்காரரு எண்பதுக்கு மாறிட்டாரு, நீங்க இன்னும் இருபதுலயேவா இருக்கீங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தால் அன்றைக்குத் தூக்கம் நன்றாக வந்தது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் படிப்புக்கு அடுத்து அவருடைய டிகிரியை விசாரித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் டியூபுக்குக் குளிருமே என்று கம்பளி நூலில் ஒரு சட்டை பின்னிக் கொண்டுவந்தார். சனிக்கிழமைதோறும் சிலர் தங்கள் டியூபைப் பார்க்க வருவார்கள். லேப் அக்கா கதவைத் திறந்து காட்ட வேண்டும்.

"நல்லா தூங்குதா?"

"தூங்குது. கதவை மூடவா? கரன்ட் வீணாகுது."

இவ்வளவையும் லேப் அக்கா சிரித்துக்கொண்டே சமாளித்திருப்பாள். அவளால் சிரிக்க முடியாமல் போனதற்குக் காரணம் வீட்டில் படுத்திருந்தது.

அவள் கணவர் அதே துறையில் வேன் டிரைவர். சுற்றறிக்கை வருவதற்கு இரண்டு நாள் முன்பு அவருக்குக் கண் மஞ்சளானது. லேப் அக்கா அவர் கையிலிருந்து இரண்டு டியூப் ரத்தம் எடுத்தாள். ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் எஸ்ஜிபிடி நானூற்றுப் பன்னிரண்டு. அதே நேரம் தலைமை அதிகாரி மணியடித்துக் கூப்பிட்டதில், இரண்டாவது டியூபைப் பிரிக்காமல் அப்படியே ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டு ஓடினாள். ஒரு பரிசோதகர் செய்யக் கூடாத தவறு அது. முழு ரத்தத்தை உறைய வைத்தால் அணுக்கள் உடைந்து உள்ளே இருக்கும் பொட்டாசியம் எல்லாம் வெளியே கொட்டிவிடும்.

மாத்திரைக்கான விண்ணப்பம் கிளார்க்கின் மேஜைக்குப் போவதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது. மூன்று மாதம் காத்திருந்தார்கள். டியூபில் எஸ்ஜிபிடி முப்பத்தெட்டு என்று வந்தது. 'பூரண குணம்' என்று சான்றிதழும், உடனே வண்டியெடுக்குமாறு ஆணையும் ஒரே உறையில் வந்தன.

"குணமாயிடுச்சாமே எனக்கு," என்றார் அவர். மாடிப்படி பத்து ஏறுவதற்குள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். கண் இரண்டும் சான்றிதழின் மஞ்சள் தாளைவிட மஞ்சளாக இருந்தன.

"பேசாதீங்க. மூச்சு வாங்குது."

"எனக்கு வாங்கினா என்ன? டியூபுக்கு வாங்கலையே."

அவள் அவர் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் நோய். மாத்திரை இவர்கள் கிடங்கில்தான் இருக்கிறது, அதை வேனில் கொண்டுவந்து இறக்கியதே அவர்தான். இன்னும் இரண்டு மூன்று மாதம் இப்படியே போனால் அவர் பிழைக்க மாட்டார் என்பது இருபத்தோரு வருடம் எண்களைப் பார்த்த அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அப்போதுதான் அந்த இரண்டாவது டியூபின் நினைவு வந்தது.

மறுநாள் மேல்முறையீடு செய்தாள். அன்றே எடுத்த, அதே ஃப்ரீசரில் இருந்த, அதே நபரின் ரத்தம். புதிய ரத்தம் அல்ல, ஆகவே விதிமீறல் இல்லை. அதில் பொட்டாசியம் மட்டும் பார்க்க அனுமதி கேட்டாள், கிடைத்தது. எண்ணைப் பார்த்தால் எந்த மடையனுக்கும் ஃப்ரீசர் பொய் சொல்கிறது என்று புரிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் தலைமை அதிகாரியும் பெரிய கிளார்க்கும். மூன்றாவது உறுப்பினர் பதவி ஏழு வருடமாகக் காலி, அதனால் எல்லா முடிவுகளும் ஏகமனதாக அமைந்தன.

"பொட்டாசியம் நாற்பத்தாறு சார்," என்றாள் லேப் அக்கா.

"எவ்வளவு இருக்கணும்?"

"அஞ்சுக்குள்ள. எட்டைத் தாண்டினாலே இதயம் நின்னுடும். நாற்பத்தாறுன்னா எந்த மனுஷனும் உயிரோட இருக்க முடியாது. ஆனா இவர் உங்க முன்னாடியே நிக்கிறார். அப்ப எதை நம்பறது, நீங்களே சொல்லுங்க."

தலைமை அதிகாரி டிரைவரைப் பார்த்தார். அறிக்கையைப் பார்த்தார். மறுபடி டிரைவரைப் பார்த்தார்.

"எதுல முத்திரை இருக்கு?" என்று கிளார்க்கிடம் கேட்டார்.

"அறிக்கையிலதான் சார்."

தலைமை அதிகாரி எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல டிரைவர். ஒரு தடவைகூட வண்டியை எங்கயும் இடிச்சதில்ல. என்னோட ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிச்சுக்கறேன்மா."

இரங்கல் கூட்டம் பன்னிரண்டு மணிக்கு நடந்தது. எல்லாரும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். டிரைவரும் நின்றார். நடுவில் அவருக்கு இருமல் வந்தது. "மறைந்தவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று பெரிய கிளார்க் அவரை அதட்டினார். டிரைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

லேப் அக்கா லேபுக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பிடித்துத் தூக்கப் போன கை குழிக்குள் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போது சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கை கண்ணில் பட்டது. உயிருடன் உள்ள எவரிடமிருந்தும். இரண்டு தடவை படித்தாள். எழுந்து போய்க் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பிணவறைக்கு நடந்தாள்.

பிணவறை டாக்டர் முப்பது வருடமாகத் தனியாக வேலை செய்கிறவர். பேச ஆள் கிடைத்ததில் அவருக்கு அளவில்லாத மகிழ்ச்சி. இறப்புப் பதிவை வாங்கிப் பார்த்தார், எல்லாம் முறைப்படி இருந்தது.

"எப்ப இறந்தீங்க?"

"இன்னிக்குப் பதினொன்றரைக்கு டாக்டர். கமிட்டி ரூம்ல."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"நானே இருந்தேன்."

"ரொம்ப நல்லது. கையை மடக்குங்க." டிரைவர் மடக்கினார். டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் சர்வீஸ்ல சொன்னதும் கையை மடக்கின முதல் ஆள் நீங்கதான்."

இறந்தவரின் ரத்தத்தைப் புதிதாக எடுக்க எந்தத் தடையும் இல்லை. எடுத்தார், லேப் அக்காவே பரிசோதித்தாள், எஸ்ஜிபிடி நானூற்று எண்பது. டாக்டர் அறிக்கை எழுதினார். மரண காரணம்: கல்லீரல் அழற்சி. தவிர்த்திருக்கக்கூடிய மரணம். மேற்படி நபருக்கே இது மீண்டும் நிகழாமலிருக்க, பன்னிரண்டு வாரத்துக்கான மாத்திரைகளை அன்னாரிடம் உடனடியாக வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

பிரேதப் பரிசோதனை அறிக்கையை மறுக்கும் அதிகாரம் தலைமை அதிகாரிக்குக் கிடையாது. கையெழுத்துப் போட்டார். கிடங்கில் 'காலஞ்சென்றவர் நேரில் வந்து பெற்றுக்கொண்டார்' என்று எழுதிக் கைநாட்டும் வாங்கிக்கொண்டு மாத்திரையைக் கொடுத்தார்கள்.

ஆறாவது வாரம் அவர் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினார். பன்னிரண்டாவது வாரம் கண் வெள்ளையானது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சவரம் செய்துகொண்டிருந்தவரைப் பார்த்து லேப் அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குத் தெம்பு திரும்பியது அன்றைக்குத்தான்.

அன்று லேபுக்குப் போனபோது பெரிய கிளார்க் கதவருகில் காத்திருந்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஆறு மாசமா வயித்துவலி. டியூப்ல ஒண்ணுமே இல்லையாம். என் ரத்தத்தையும் அன்னிக்கே எடுத்த ரெண்டாவது டியூப்னு லேபிள் ஒட்டி, பிரிக்காம உள்ள வச்சிடேன் லேப் அக்கா."

"சாகணுமா சார் உங்களுக்கு?"

"நல்லா இருக்கணும்மா. அதுக்குத்தான்."

அவருக்குப் பின்னால் கணக்குப் பிரிவு நின்றது. அதற்குப் பின்னால் தபால் பிரிவு. வாரக் கடைசியில் வரிசை தெருவரை நீண்டது. கம்பளிச் சட்டை பின்னிய தபால்காரர் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மைனஸ் இருபதா எண்பதா என்று யாரும் பேசுவதில்லை. "எங்க வீட்டுக்காரரு போன மாசமே போயிட்டாரு, நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்பதுதான் இப்போது பேச்சு.

கடைசியாகத் தலைமை அதிகாரி வந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கழற்றினார். இரண்டு கண்ணும் மஞ்சள்.

"என் டியூப்ல பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். மைனஸ் எண்பதுல அருமையா இருக்கீங்க. பத்து வருஷமா ஒரு மாத்தமும் இல்ல."

"புதுசா ஒரு தடவை எடுத்துப் பாக்க முடியாதா? ரகசியமா?"

லேப் அக்கா சுவரிலிருந்த சுற்றறிக்கையைக் காட்டினாள். அவர் தன் கையெழுத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப பழைய தேதியே போட்டுடுங்க," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய இரங்கல் கூட்டத்துக்கு அவரே தலைமை வகித்தார். தான் எவ்வளவு நல்லவர் என்று அவர் பேசி முடிக்கும்போது பலர் கண் கலங்கினார்கள், அவரும்தான்.

ஆக, அந்த ஆண்டு முடிவதற்குள் அலுவலகம் முழுவதும் காலமானது. அதன்பிறகும் பொதுமக்கள் வந்தார்கள், ஜன்னல் முன்னால் நின்றார்கள், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லப்பட்டார்கள், போனார்கள். ஃபைல்கள் எந்த வேகத்தில் நகர்ந்தனவோ அதே வேகத்தில் நகர்ந்தன. ஒரு புகார்கூட வரவில்லை. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, எல்லாப் பெயருக்கும் முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருப்பதைக் கண்டு ஒரே சீராக உள்ளது என்று பாராட்டினார். ஒரே ஒரு பெயரில் அவர் விரல் நின்றது.

மறுநாள் லேப் அக்காவுக்கு மெமோ வந்தது. அலுவலகத்தின் ஒருமித்த தன்மைக்குக் குந்தகம் விளைவிக்கும் வகையில் தாங்கள் மட்டும் தொடர்ந்து உயிருடன் இருந்துவருவதன் காரணத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்க. என்னன்னு எழுதறது?"

"இருக்கறதை எழுது. இத்தனை பேரையும் அனுப்பி வச்சது யாரு? நீதானே?"

அவள் யோசித்தாள். அது உண்மைதான். உட்கார்ந்து ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: 'லேபில் வேலை மிகுதியால் எனக்குச் சாகக்கூட நேரமில்லை.'

துறை அந்த விளக்கத்தைப் பரிவோடு பரிசீலித்து ஏற்றுக்கொண்டது. மேற்படி காரியத்தை முடித்துக்கொள்ள அவளுக்கு வரும் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு வழங்கப்பட்டது. பிற்பகலில் தவறாமல் பணிக்குத் திரும்ப வேண்டும்.